அக்காவுக்குப் பின்னால் ஏழு புள்ளிகள்

அக்காவுக்கு இரண்டடி பின்னால் ஏழு புள்ளிகள் கூடுதலாக மின்னின.

கடிகாரக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பன்னிரண்டு வருட இருட்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவர் விழித்திரையில் சில்லு ஒட்டி, மூக்குக் கண்ணாடியில் கேமரா வைத்து, இடுப்பில் பேட்டரி கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எதற்கு? அறுபது வெள்ளைப் புள்ளிகளைக் காட்டுவதற்கு! கதவு என்றால் நெட்டுக்குத்தாகப் பத்துப் புள்ளி, அக்கா என்றால் ஏழு. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னதையே சொன்னாள். "கண்ணை உருட்டாதீங்க சார், கேமரா கண்ணாடியிலதான் இருக்கு. தலையைத் திருப்பிப் பாருங்க. புள்ளி கூடவே ஒட்டிக்கிட்டு வந்தா மெஷின் கோளாறு. விலகிப் போச்சுன்னா நெஜமாவே அங்க ஏதோ இருக்கு. எதுவானாலும் உடனே சொல்லிடுங்க."

நாற்பது வருடம் கடிகாரத்துக்குள் தலையை விட்டவருக்கு நேற்று முளைத்த பெண் மெஷினைப் பற்றிச் சொல்லித் தருகிறாளாம்! கோளாறு என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். தலையைத் திருப்பவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் அந்த ஏழும் ஒன்றரை அடியில் நின்றன. அதற்கடுத்த நாள் ஒரு சாண். கூடத்தில் ஈரத்துணி மக்கிய வாடை அடித்தது. அக்காவின் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால், ஓட்டம் தப்பிய கடிகாரம் போல, இன்னொரு மெல்லிய சத்தம் அரை நொடி தாமதித்துக் கேட்டது.

"கழுத்தெல்லாம் கனக்குதுடா. யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள் அக்கா.

"வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு வேணும் உனக்கு. போ, டீயைப் போடு."

பாவம், போனாள். பன்னிரண்டு வருடமாக அவருக்குச் சோறு போட்டு, கைபிடித்து நடத்தியவள் அவள் ஒருத்திதான்.

நண்பகல். டம்ளரோடு வந்தாள். ஏழும் ஏழும் ஒட்டி நின்றன. அவர் முதல்முறையாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார்.

கதவு விலகியது. அக்கா விலகினாள். அதுவும் விலகியது.

ஐயோ. சொல்லியிருக்கலாமே.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார். பேட்டரியையும் கழற்றினார். கதவு அணைந்தது. அக்கா அணைந்தாள்.

அது அணையவில்லை.

"என்னடா, கண்ணாடிய ஏன் கழட்..."

டம்ளர் விழுந்து உருண்டது.

"அக்கா?"

செருப்புச் சத்தம் மட்டும் அவரை நோக்கி வந்தது. ஒற்றைச் சத்தம். பின்னால் எதுவும் கேட்கவில்லை.

ஏழு புள்ளிகள் குனிந்தன. அவர் முகத்துக்கு நேராக. மக்கிய வாடை மூக்கில் ஏறியது.

"இப்பதான் ஒழுங்காப் பாக்குற," என்றது, அக்காவின் குரலில்.