வீட்டுக்குப் போகும் வழி

சோறு ஆறியிருந்தது. பக்கத்தில் கிடந்த கேம் கன்ட்ரோலர் மட்டும் சூடாக இருந்தது.

ஷாந்தினி அதை மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். யாரோ நெடுநேரம் கைகளுக்குள் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் இறக்கி வைத்தது போன்ற சூடு. தம்பி நிவேந்திரனின் படத்துக்கு முன்னால் வாழையிலை, கோழி வறுவல், ஐஸ் கரைந்துபோன மைலோ. ஊதுபத்திப் புகை சாத்திய ஜன்னலில் முட்டி, வெளியேற வழி தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. விளக்குச் சூடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விளக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

படையல் போட்டால் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். இறந்தவர் வந்து சாப்பிடும் நேரம் அது. பிறகு மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள். உள்ளே இருப்பவர் திடுக்கிடக் கூடாது. பதினாறாம் நாள் கருமாதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். சாம்பலைக் கோலா சுங்கை பாரு கடலில் கரைத்தாயிற்று. அம்மாவோ வெள்ளிக்கு வெள்ளி மகனின் அறையில், அவன் டிவிக்கு முன்னால், இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அனுப்பி வச்ச புள்ளையத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா அவன் எங்கடி போவான்?" என்று புனிதா பெரியம்மா போனில் சத்தம் போட்டாள்.

"எங்க போவான்? வீட்டுக்குத்தான் வருவான்லா," என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

அக்காவும் தம்பியும் அதிகம் சண்டை போட்டது கேம்களைப் பற்றித்தான். ஒரே பாதையில் நேராகப் போய், அழவைத்து, முடிந்துவிடும் கேம்கள் ஷாந்தினிக்குப் பிடிக்கும். நிவேந்திரனுக்குத் திறந்த உலகம் வேண்டும். எந்த மலையைப் பார்த்தாலும் ஏற முடிய வேண்டும்.

"உன் கேம் பஸ் மாதிரிக்கா. அவன் எறக்கி விடற எடத்துலதான் எறங்கணும். அழுன்னா அழணும்."

"உன் கேம்ல கதையே இல்லையேடா. குதிரையில ஊர் சுத்துற, மீன் புடிக்கிற."

"கதை இருக்குலா. எனக்காக வெயிட் பண்ணுது."

அவன் கேமில் போரிலிருந்து திரும்பும் ஒரு குதிரைக்காரன். வரைபடத்தின் தெற்கு மூலையில் ஒரு வீடு. வாசலில் விளக்கோடு அவன் அம்மா. 'வீட்டுக்குப் போ' என்பதுதான் கடைசிக் கட்டளை. நிவேந்திரன் போனதே இல்லை.

"போயிட்டா முடிஞ்சிரும்க்கா. போகாத வரைக்கும் அந்தம்மா விளக்க வச்சிக்கிட்டு நிப்பாங்க. யாரும் சாக மாட்டாங்க."

அவனும் அப்படித்தான். லூபோக் சீனா ஊர்ப் பட்டறையில் வேலை முடிந்தால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகளையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் புலாவ் செபாங் வீட்டுக்கு வருவான். மோட்டாரை நிறுத்தியதும், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே "அம்மா" என்று கத்துவான். அன்று மட்டும் மழைக்குப் பயந்து மெயின் ரோட்டில் நேராக வந்தான். செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரி மோதிவிட்டது. சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா மகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஷாந்தினி டிவியைப் போட்டாள். குதிரைக்காரனை அவன் விட்டுவைத்தது வடக்கே ஒரு ஏரிக்கரையில். அந்த இடத்தைப் படமெடுத்துக் கடைசியாக அவளுக்குப் போனில் அனுப்பியிருந்தான். இப்போது ஏரி இல்லை. சாலை நடுவில், தெற்கே பார்த்தபடி குதிரை நின்றது.

"அம்மா, நீங்க வெளயாண்டீங்களா?"

"எனக்கு அத ஆன் பண்ணவே தெரியாதேம்மா."

அடுத்த வெள்ளி அது ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருந்தது. அதற்கடுத்த வெள்ளி, மலையடிவாரம். தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். எங்கும் சுற்றாமல், எதையும் வேடிக்கை பார்க்காமல் வந்த வழி. நிவேந்திரன் ஒருநாளும் அப்படி விளையாடியதில்லை.

அவன் கேமையே அழித்துவிடலாம். பட்டன் மேல் விரல் போய் நின்றது. அவன் இன்னும் வாழும் ஒரே இடம் அது. அழிப்பது அவனை இன்னொரு முறை எரிப்பது போலத்தான்.

வியாழக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தபோது ஷாந்தினி கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். குதிரையைத் திருப்பினாள். பாலம், ஏரி, மலைகள் எல்லாம் தாண்டி, அதற்குமேல் உலகமே இல்லாத பனி விளிம்புவரை ஓட்டிக்கொண்டு போனாள். சொந்தத் தம்பியை வீட்டுக்கு வராதே என்று விரட்டும் அக்கா. திரை கண்ணீரில் மங்கியது.

"இங்கயே சுத்துடா நிவேன். உனக்குப் புடிச்ச மாதிரி சுத்து."

குதிரைக்காரன் தானாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவனுக்கு முகமே இல்லை. இத்தனை நாள் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். கைகளில் அழுகிய செம்பனைப் பழ வாடை.

வெள்ளி. மழை. பக்கத்துச் சூராவில், அந்தச் சின்னப் பள்ளிவாசலில், அந்திநேர மக்ரிப் பாங்கு ஓய்ந்திருந்தது. அம்மா படையல் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கையில் ஒரு விளக்கோடு வெளியே நின்றாள். பிளக் இன்னும் தரையில்தான் கிடந்தது. ஷாந்தினி பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

உள்ளே குளம்பொலி கேட்டது.

தூரத்தில். பிறகு பக்கத்தில். பிறகு அது குளம்பொலி இல்லை. மோட்டார். அவன் மோட்டார்.

நின்றது.

ஈரச் செருப்புச் சத்தம். ஒரு கால் இழுபட்டது. கட்டில் பக்கம். இலைப் பக்கம். கதவுப் பக்கம்.

அம்மா தட்டக் கை ஓங்கினாள்.

உள்ளேயிருந்து தட்டல் கேட்டது. மூன்று முறை.

கதவுக்கு அடியில் செம்மண் தண்ணீர் கசிந்து வந்தது. பெட்ரோல் வாடை.

"அம்மா."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வரும் குரல்.

ஷாந்தினி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்மா. வந்துட்டான்னா முடிஞ்சிரும்மா."

அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். விளக்கை உயர்த்திப் பிடித்தாள். கதவின் கைப்பிடி தானாகத் திரும்பியது.

"ஹெல்மெட்டக் கழட்டாதப்பா," என்றாள் அம்மா. "அப்படியே வீட்டுக்குள்ள வா."