எட்டு மணி மாத்திரை

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒன்பது ஐம்பத்தாறுக்கே வந்து, கதவைத் தட்டாமல் வெளியே நின்று, சரியாகப் பத்துக்குத் தட்டினார். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவராம். சீக்கிரம் கிளம்புவதும் தாமதத்தைப் போலவே குற்றம்தான் என்று விளக்கம் வேறு சொன்னார்.

கதவைத் திறந்த சாம்பிளுக்கு அவரைப் பார்த்ததும் என்னவோ போலிருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. நேரம் தவறாத மனிதருக்குச் சட்டையைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. துப்பறியும் தொழிலில் நாலே வருஷம் ஆன சாம்பிளுக்கே இது புரிந்தது.

சாம்பிள் என்பது அவனுடைய பெயர் இல்லை. இருபது வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பை நிறைய இலவச மாத்திரைகளுடன் டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவனுக்கு மிஞ்சிய பட்டம். கம்பெனி வீட்டுக்கு அனுப்பியதும் அக்கா தன் துப்பறியும் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். அக்கா காப்பீட்டு நிறுவனத்தில் இறப்பு க்ளெய்ம்களை விசாரித்தவர். இறந்துபோனவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பார். குரலை உயர்த்தி அவனை ஒருமுறைகூடத் திட்டியதில்லை. தாழ்த்தித் திட்டியது கணக்கில்லை.

ஓட்டுநர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னது இதுதான். அவருக்கும் அவர் மனைவிக்கும் இதயம் பலவீனம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆராய்ச்சி. சர்க்கரை நோய்க்கென்று வந்த மாத்திரை ஒன்று, சர்க்கரை இல்லாதவர்களின் பலவீனமான இதயத்துக்கும் உதவுமா என்று பார்க்கிறார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. குறியீடு ஒரு உறைக்குள் இருக்கும். இருவரும் சேர்ந்தார்கள். ஆராய்ச்சியின் பத்தாம் மாதம் மனைவி போய்விட்டார். ஐந்து வாரம் ஆகிறது.

இறந்தவரின் உறையைப் பிரித்தார்கள். அவருக்குக் கொடுத்தது நிஜ மாத்திரை. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தபோது, முதல் மூன்று மாதம் மருந்து இருந்தது, அதற்குப் பிறகு துளிகூட இல்லை. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று ஆஸ்பத்திரி எழுதிவிட்டது.

"எட்டு மணிக்கு எதிரெதிர உக்காருவோம்மா. நான் 'ரைட்'டுன்னு சொல்வேன், ஒண்ணா முழுங்குவோம். என் கண்ணு முன்னாடி முழுங்கினா. அப்புறம் எப்படி ரத்தத்துல இல்லாம போகும்?"

அவர் கண்டுபிடித்த பதில், மாத்திரை வழங்கும் மருந்தாளுநர். அந்தப் பெண்தான் நிஜத்தை எடுத்துக்கொண்டு வெறும் மாத்திரையைக் கொடுத்திருக்க வேண்டும். புகார் எழுதிக் கொடுத்து, அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை விசாரணை. அதற்குள் ஆதாரம் வேண்டும்.

"வீட்டுல மாத்திரைப் புட்டியிலிருந்து யார் எடுத்துக் குடுப்பாங்க?" என்று அக்கா கேட்டார்.

"என் வீட்டுக்காரிதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு டப்பாவுலயும் ஏழு நாளைக்கும் போட்டு வச்சிடுவா. எனக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம். என்னை அதுல கை வைக்க விடமாட்டா."

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனார்கள். சாம்பிள் வழியிலேயே வழக்கை முடித்துவிட்டான். மருந்தாளுநர் நிஜ மாத்திரையை வெளியே விற்றிருக்கிறாள். போன மாதம்தான் அவள் புதுக் கைப்பை வாங்கியிருக்கிறாள் என்று ஆஸ்பத்திரி வாசலில் விசாரித்துக் குறித்தும் வைத்திருந்தான். அக்கா அவனுடைய புதுச் செருப்பைப் பார்த்துவிட்டு நடந்தார்.

சின்ன வீடு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு ஸ்கேன் அறிக்கைகள் ஒட்டியிருந்தன. ஆராய்ச்சியில் சேர்ந்தபோது அவருடைய இதயத்தின் தள்ளும் சக்தி நூற்றுக்கு முப்பது, மனைவியுடையது நாற்பது. நாலாம் மாதம் பன்னிரண்டாம் தேதி மறுபடி பார்த்ததில் அவருக்கு இருபத்தேழு, மனைவிக்கு நாற்பத்து நான்கு.

"நீ பாஸு, நான் ஃபெயிலுன்னு கிண்டல் பண்ணினேன்," என்றார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு எனக்கு ரெண்டாவது தடவை டீ போட்டுக் குடுத்தா. கேக்காமலே."

சுவரில் மனைவியின் பணி ஓய்வு நாள் படம் இருந்தது. சாம்பல் நிற மேலங்கி, பின்னால் அலமாரி நிறையக் கண்ணாடிக் குப்பிகள். வேறொரு ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளர். சிறுநீர்ப் பரிசோதனைப் பிரிவில் குப்பி கழுவும் வேலை. ஊரில் பாதிப் பேரின் ரகசியம் அவளுக்குத் தெரியும் என்று சொல்லி அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

வீட்டில் இரண்டு குளியலறைகள். படுக்கையறையை ஒட்டியது மனைவியுடையது, அவருக்கு முட்டி வலி. பின்பக்கம் நாலு படி இறங்கிப் போனால் இவருடையது. இரண்டு தரையிலும் எறும்புப் பொடியின் வெள்ளைக் கோடு. முதலில் மனைவியின் பக்கம்தான் எறும்பு இருந்ததாம், அப்புறம் இவர் பக்கம் வந்துவிட்டதாம். இவர் பொடி தூவினால், மனைவி விடியுமுன் எழுந்து, முட்டி வலியோடு நாலு படி இறங்கிக் கழுவிவிட்டு வருவாராம். அதற்கு முன்பெல்லாம் அந்தக் குளியலறையைக் கழுவியது இவர்தான்.

"அவ போன மறு வாரமே எறும்பும் போயிடுச்சும்மா," என்றார் அவர். "அதுக்குக்கூட இந்த வீட்டுல இருக்கப் பிடிக்கல."

சாம்பிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்காவோ, அந்த நேரம் பார்த்து, எறும்பு எந்தத் தேதியில் பின்பக்கம் வந்தது என்று கேட்டார். சாம்பிளுக்கு வெட்கமாகப் போயிற்று. மனிதர் உடைந்து நிற்கிறார், இந்த அம்மா எறும்புக்குப் பிறந்த தேதி கேட்கிறாரே.

ஆனால் அவரிடம் தேதி இருந்தது. வண்டி ஓட்டிய காலத்துப் பழக்கம், தினமும் நோட்டில் இரண்டு வரி எழுதுவார். புரட்டிக் காட்டினார். நாலாம் மாதம் பதினேழு, செவ்வாய். 'பின் குளியலறையில் எறும்பு. பொடி தூவினேன்.'

அக்கா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, உறைய வைத்திருக்கும் அவருடைய ரத்தத்தையும் சோதிக்க வேண்டும், சம்மதம் எழுதிக் கொடுப்பாரா என்று கேட்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பெண் மாட்டிக்கொள்வாளா என்று மட்டும் கேட்டார். அக்கா காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் தினம் வந்து உட்காருகிறாளாம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கைப்பை புதுசுதான். ஆனால் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. ஆறாம் மாதமும் ஏழாம் மாதமும் மணிக்கட்டு முறிந்து விடுப்பில் இருந்தாள், அப்போது மாத்திரை கொடுத்தது வேறொருவர். இதை யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். "யாரும் கேக்கலைங்க," என்றாள்.

வியாழக்கிழமை மதியம் முடிவு வந்தது. ஆராய்ச்சி டாக்டர் அனுமதி வாங்கி ஓட்டுநரின் உறையையும் பிரித்திருந்தார். காகிதத்தைப் படித்த அக்கா அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார். டாக்டரின் அறைக்குப் படியேறும்போதுதான் நடந்தது என்ன என்று சாம்பிளிடம் சொன்னார். அவன் பாதிப் படியில் நின்றுவிட்டான்.

"அக்கா, பாதி மட்டும் சொல்லுங்களேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு மட்டும்."

"பாதி சொன்னா மீதியை அவரே கண்டுபிடிப்பார், தம்பி. வீட்டுல தனியா உக்காந்து கண்டுபிடிப்பார்."

அறையில் டாக்டர், மருந்தாளுநர், ஓட்டுநர். ஓட்டுநர் அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, முதல்ல இவங்க விஷயம். மருந்தாளுநர் ஏமாத்தியிருந்தா, இவங்க விடுப்புல இருந்த ரெண்டு மாசமாவது உங்க மனைவி ரத்தத்துல மருந்து வந்திருக்கணும். வரல. இன்னொண்ணு, ஆஸ்பத்திரி புட்டி குடுக்கறது ஒண்ணாம் தேதி. உங்க வீட்டுல மாற்றம் வந்தது பதினேழாம் தேதி. அது உங்க வீட்டு டப்பாவுல மாத்திரை போட்ட ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ரெண்டாவது நாள்."

"என்ன மாற்றம்?"

"எறும்பு."

டாக்டர் விளக்கினார். அந்த மருந்து உடம்பிலுள்ள சர்க்கரையைச் சிறுநீரில் வெளியே தள்ளும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். சாம்பிள் தலையைக் குனிந்துகொண்டான். இதே வகை மாத்திரையைத்தான் அவன் கடைசி இரண்டு வருஷம் விற்றான். அதன் காகிதத்தில் இது அச்சாகியிருக்கும். அவன் படித்ததெல்லாம் மேல் வரியில் இருந்த விலையைத்தான்.

"முதல்ல எறும்பு உங்க மனைவி பக்கம் இருந்துச்சு," என்றார் அக்கா. "அப்ப நிஜ மாத்திரை அவங்ககிட்ட. அப்புறம் உங்க பக்கம் வந்துச்சு. அவங்க போய், அவங்க கடைசியா நிரப்பின டப்பா தீர்ந்ததும் எறும்பு போயிடுச்சு. அதுக்கப்புறம் நீங்களே உங்க புட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கிட்டீங்க. உங்க புட்டியில இருக்கறது வெறும் மாத்திரை."

பையிலிருந்த காகிதத்தை அக்கா பிரித்து வைத்தார். ஓட்டுநரின் ரத்தத்தில் முதல் மூன்று மாதம் மருந்து இல்லை. அதற்குப் பின் மனைவி போகும்வரை ஒவ்வொரு மாதமும் இருந்தது. இந்த மாதம் இல்லை.

ஓட்டுநர் எண்களை விரலால் தொட்டுத் தொட்டு, நிறுத்தங்களை எண்ணுகிறவரைப் போலக் கீழே வரைக்கும் போனார்.

"மாறிப் போட்டிருப்பா," என்றார். "கண்ணு சரியா தெரியாது அவளுக்கு. சிவப்புக்கும் நீலத்துக்கும் குழம்பியிருப்பா."

அக்கா இதை இப்படியே விட்டுவிட வேண்டும் என்று சாம்பிள் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டான்.

"குழம்பினவங்க ஒரு வாரம் குழம்புவாங்க, ஐயா. ஆறு மாசம் ஒரே மாதிரி குழம்ப மாட்டாங்க. இருபத்தாறு வருஷம் குப்பி கழுவினவங்க. எந்தக் குப்பியில எறும்பு மொய்க்கும், ஏன் மொய்க்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. தனக்கு நாற்பத்து நாலு, உங்களுக்கு இருபத்தேழுன்னு பார்த்தாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மாத்திப் போட்டாங்க. அப்புறம் விடியறதுக்கு முன்னாடி படி இறங்கிக் கழுவினது, நீங்க எறும்பைப் பத்தி இங்க வந்து டாக்டர்கிட்ட சொல்லிடக் கூடாதுன்னு."

அவர் அழவில்லை. கைகள் இரண்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பிறகு டாக்டரைக் கேட்டார்.

"அதை அவளே சாப்பிட்டிருந்தா இப்ப இருந்திருப்பாளா?"

"தெரியலைங்க," என்றார் டாக்டர். "சத்தியமா தெரியல. அது தெரியாததாலதான் இந்த ஆராய்ச்சியே."

"தினமும் நான்தான் ரைட்டுன்னு சொன்னேன்," என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

பிறகு எழுந்து, மருந்தாளுநரின் முன்னால் போய் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், அவள் வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் தானே வந்து சொல்வதாகவும் சொன்னார். அவள் அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பாவுக்குச் செய்வதைப் போல, மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். அப்போதுதான் அவர் அழுதார்.

டாக்டர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஆராய்ச்சியின் விதிப்படி, யாருக்கு எந்தப் புட்டி கொடுக்கப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் அவர்களை எண்ணுவார்கள். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே மனைவி, நிஜ மாத்திரை கொடுத்தும் இறந்தவர். கணவர், வெறும் மாத்திரையில் பிழைத்தவர்.

"அப்போ உங்க புத்தகத்துல, அவளால அந்த மாத்திரைக்குக் கெட்ட பேரா?"

மூவாயிரம் பேரில் இரண்டு பேர், முடிவு மாறாது என்றார் டாக்டர். ஓட்டுநர் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. உண்மையை எழுத எங்குமே இடமில்லையா என்றார்.

ஒரு படிவம் இருந்தது. மாத்திரை விதிப்படி சாப்பிடப்படாவிட்டால் நிரப்புவது. காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள்: மறந்துவிட்டார், பக்கவிளைவு, மாத்திரை தொலைந்தது, மற்றவை. மற்றவைக்கு எதிரே ஒரு வரி எழுத இடம். டாக்டர் பேனாவை அங்கே கொண்டுபோய் வைத்தார். எழுத வரவில்லை. அக்காவைப் பார்த்தார். முப்பது வருஷம் சாவுக்குக் காரணம் எழுதிய அக்காவும் கையை விரித்தார்.

"குடுங்க," என்று ஓட்டுநர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

நிதானமாக எழுதினார். சாம்பிள் எட்டிப் பார்த்தான். 'என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.'

டாக்டர் அதைப் படித்துவிட்டு, மேலே இருப்பவர்கள் இதைக் காரணமாக ஏற்றுக்கொள்வார்களா தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

மருந்தாளுநர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வழங்கியவர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"ஏத்துக்குவாங்க சார்," என்றாள்.