ஒரு கீறல்கூட இல்லை

ஐஸ் தொட்டியிலிருந்து வந்த வான்கோழி வெர்லீனின் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. கொன்று, இறகு பிடுங்கி, குடல் எடுத்து, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் மணிக்கணக்காக உருட்டிய பிறகுதான் ஒரு பறவை அவள் மேஜைக்கு வரும். தொட்டால் ரப்பர் கையுறையையும் தாண்டி விரல் மரத்துப்போகும். வெர்லீன் ஸ்டப்ஸ், அமெரிக்காவின் ஆர்கன்சா மலைப்பக்கத்துக் கோழி இறைச்சி ஆலைகளில் அரசாங்கத்துக்காகத் தரம் பார்க்கிறவள். கொக்கிகளில் ஓடுகிற வரிசையைப் பார்க்காமல் கையை நீட்டி, சிக்கியதை எடுக்க வேண்டும் என்பது விதி. பார்த்து எடுத்தால் மனசு தனக்கு வேண்டியதைத் தேடிப் போய்விடும். எடுத்ததை மார்பெலும்பு நெடுகக் கட்டைவிரலால் தடவி, இறக்கையை விரித்து, முதுகைத் திருப்பிப் பார்த்து, கிழிசலும் கன்றலும் முறிவும் அளவுக்கு மேல் இல்லையென்றால்தான் அந்தச் சரக்குக்கு அரசாங்கத்தின் கேடய வடிவ முத்திரை. உலகத்திலேயே குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற பெண்டாட்டி எனக்குத்தான் வாய்த்தாள், வீட்டிலும் அதை ஓவர்டைமாகப் பார்க்கிறாள் என்று அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை சொல்லிச் சிரிப்பான்.

இந்தப் பறவையில் குற்றம் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கணுக்காலில் கொக்கி அழுத்திய தடம் இல்லை, இறக்கை நுனியில் சிவப்பு இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தோலைப் பார்த்தாள். இறகு முளைத்த துளைகளும் இல்லை. பிடுங்கிய தோல் அல்ல அது. எதுவுமே முளைத்திராத தோல்.

வெப்பமானியைச் சதைக்குள் குத்தினாள். முள் ஐஸ் குளிரைக் காட்டியது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளங்கை சூடுபட்டதுபோலச் சிவந்திருந்தது. இன்னொன்றையும் கவனித்தாள். இருபது வருஷம் எலும்பைத் தடவித் தடவிக் காலையில் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் வலிக்கிற வலது கட்டைவிரல், இப்போது வலிக்கவில்லை.

அடுத்ததும் வெதுவெதுப்பு. அதற்கடுத்ததும்.

பக்கத்து மேஜையில் பறவையின் கால்களை மடித்துச் சொருகுகிற மிகேலா, நீராவி பட்டு வெந்த தன் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தத் தழும்பு இஸ்திரிப் பெட்டியின் முனைபோல இருக்கும். குளிர்காலம் வந்தால் அரிப்பு அவளைப் பாடாய்ப் படுத்தும்.

“அக்கா, இன்னிக்கு எனக்கு அரிக்கவே இல்ல,” என்றாள். “கோழியும் எல்லாம் அழகழகா வருது. திருநாளுக்குன்னே செஞ்சு அனுப்பின மாதிரி.”

 சனிக்கிழமை கல்லறை மண்ணில் இறக்கிவிட்டு வந்த பீஸ்லியின் ஞாபகம் வெர்லீனுக்கு வந்தது.

இந்த ஆலையில் அவளுக்கு முன்பிருந்து தரம் பார்த்தவர் பீஸ்லி. குளிர் அறையின் கடைசி மூலையில் பறவைகள் அடைத்த ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை நிறுத்திவைத்து, வெளியே அனுப்பக் கூடாது என்று சிவப்பு அட்டையைக் கம்பியால் கட்டியிருந்தார். அரசாங்கத்து ஆள் கட்டிய சிவப்பு அட்டையை அரசாங்கத்து ஆள்தான் அவிழ்க்க வேண்டும். ஆலை முதலாளியே வந்தாலும் தொட முடியாது. வருஷக்கணக்காக அது அங்கேயே இருந்தது. நாறவும் இல்லை. அதில் அப்படி என்ன குறை என்று வெர்லீன் ஒருமுறை கேட்டபோது கிழவர் சிரிக்காமல் சொன்னார்.

“குறையே இல்லம்மா. அதான் கட்டி வெச்சிருக்கேன். கூண்டுல அடிபட்டு, லாரியில குலுங்கி, கொக்கியில தொங்கி வர்ற எதுலயும் ஒரு தடம் இருக்கும். தடமே இல்லாதது அந்த வழியா வரல.”

கிழவருக்கு வயசாகிவிட்டது என்று அன்று நினைத்துக்கொண்டாள். இப்போது அந்த நினைப்பே அவளைச் சுட்டது.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், ஷிப்ட் மேனேஜர் ட்வெய்ன் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்து நின்றான். அவள் மகன் வயசு. வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற நன்றித் திருநாளுக்கு முந்தைய வாரம், வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன, பறவைகளை அடுக்க இடம் இல்லை. கடைசி மூலையிலிருக்கும் பழைய பெட்டியை விடுவித்து, உள்ளே இருப்பதற்கும் முத்திரை கொடுத்துவிட்டால் அதையும் அனுப்பிவிடலாம் என்றான்.

“அது பீஸ்லி கட்டினது,” என்றாள்.

“அவரே போய்ச் சேந்துட்டாரு மிஸ் வெர்லீன். இனிமே நீங்கதான் அவிழ்க்கணும்.”

“அவிழ்க்க மாட்டேன்.”

ட்வெய்ன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். மோதிர விரலில் கடைசிக் கணு இல்லை. பெல்ட்டில் சிக்கிப் போனது. யாரிடம் சண்டை என்றாலும் அந்த விரலைத்தான் முதலில் நீட்டுவான். “இந்த ஆலைக்கு விரலைக் குடுத்தவன் நான். எனக்கு இங்க ஒரு மூலை கிடையாதா? உங்க மேலதிகாரிகிட்ட பேசுறேன். நாளைக்கே வேற ஆள் வருவாங்க.”

“பேசு. நம்பர் என் ரூம் கதவுலதான் ஒட்டியிருக்கு. படிச்சுச் சொல்லணுமா தம்பி?”

அவன் போனான். வேலை போனால் போகட்டும். அவள் முத்திரை விழுந்ததை ஊர் முழுக்க நம்பி வாங்கி, அடுப்பில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அறுப்பார்கள். முத்திரை என்றால் நான் பார்த்தேன் என்று அர்த்தம். பார்த்துவிட்டாள். அதனால்தான் தர மாட்டாள். வந்த சரக்கு முழுவதற்கும் சிவப்பு அட்டை கட்டத் தீர்மானித்து, அட்டைக் கட்டையும் கம்பிச் சுருளையும் எடுக்கத் தன் சின்ன அறைக்குப் போனாள்.

அவள் திரும்புவதற்குள் சாப்பாட்டு மணி அடித்து வரிசை நின்றிருந்தது. தளத்தில் ஒருவரும் இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம், குளோரின் வாடை, கொக்கிகள் மெல்ல ஆடி ஒன்றோடொன்று உரசும் கிணுகிணுப்பு. வழக்கமாகச் சாப்பாட்டு அறையிலிருந்து ஸ்பானிஷ் பேச்சும் மைக்ரோவேவ் சத்தமும் சிரிப்பும் தளம்வரை கேட்கும். இன்று அதுவும் கேட்கவில்லை.

குளிர் அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

வெளியே பட்டப்பகல். கார்கள் நிற்கிற இடத்தில் நவம்பர் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குளிர் அறைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைந்துவிடுகிற விளக்குகள் அங்கே. அவள் உள்ளே கால் வைத்ததும் தலைக்கு மேல் முதல் விளக்கு எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. பெட்டிகளின் நடுவே நடக்க நடக்க விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. அவள் மூச்சு புகையாகப் போனது.

கடைசி மூலையில் பீஸ்லியின் அட்டை தரையில் கிடந்தது. கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தார்கள். பிளேயரும் அங்கேயே கிடந்தது. அதன் பக்கத்தில் வெள்ளை ஹெல்மெட்.

பெட்டி காலி. மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக்கின் உட்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது. யாரோ நெடுநாள் உள்ளிருந்து மூச்சு விட்டதுபோல.

அவள் அசையாமல் நின்றாள். தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.

தூரத்தில், எதிர்ச்சுவர் ஓரமாக, ஒரு விளக்கு எரிந்தது.

பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.

காலடிச் சத்தம் இல்லை. வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஓடலாம் என்று கால்கள் சொல்லின. பயமாகத்தான் இருந்தது, பயத்தோடு கோபமும் வந்தது. நான் ஏன் ஓட வேண்டும்? இது அரசாங்கம் நிறுத்திவைத்த சரக்கு. சரக்குதான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவள் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

ட்வெய்ன் நின்றான்.

“மிஸ் வெர்லீன்,” என்றான் மெதுவாக. “எல்லாம் சரியா இருக்கு. பாத்துட்டு முத்திரை போடுங்க.”

அவன் வாயிலிருந்து புகை வரவில்லை. புருவம் இல்லை. கன்னத்தில் காலைச் சவரத்தின் நிழல் இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான், இறக்கையை விரித்துக் காட்டுவதுபோல. பத்து விரல்களும் முழுசாக இருந்தன.

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்காமல் எடுப்பதுதான் விதி. கையை நீட்டி அவன் மார்பில் கட்டைவிரலை வைத்தாள். வெதுவெதுப்பு. எலும்பு நேராக, வழுவழுப்பாக, கடைசிவரை ஓடியது. ஒரு முண்டு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. தொட்ட இடத்திலிருந்து இதமான ஒரு சுகம் அவள் கைக்குள் ஏறியது. இப்படியே விட்டுவிட்டால் இனி எதுவுமே வலிக்காது என்று தோன்றியது. மூட்டு வலிக்காது. புருஷன் படுத்த பக்கம் வெறுமையாக இருப்பது வலிக்காது.

“அது என் வலி,” என்றாள். “உனக்கு அதுல என்ன வேலை?”

கண்ணைத் திறந்தாள். கம்பியை அவன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டாள். பென்சிலை நாக்கில் தொட்டுத் தன் பெயரை எழுதினாள்.

அட்டை விழுந்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. திறந்த வாய் திறந்தபடி. நீட்டிய கை நீட்டியபடி. கொஞ்ச நேரத்தில், எதுவும் அசையாததால், விளக்கு அணைந்தது.

வரிசை மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

வெளியே வந்தாள். கொக்கிகளில் பறவைகள் வந்துகொண்டிருந்தன. இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு தடம் இருந்தது. ஒன்றின் இடது இறக்கையில் கடைசிக் கணு இல்லை. அடுத்ததன் இறக்கைத் தோலில் பழுப்பாக ஒரு தழும்பு, இஸ்திரிப் பெட்டியின் முனைபோல. வெர்லீன் அதன் மார்பில் கட்டைவிரலை வைத்தாள். எலும்புக்கு அடியில், மெல்ல, விடாமல், ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா.”

மிகேலா மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். தலையில் மாட்டுகிற வலை இல்லை. வலைக்குள் அடக்கத் தலைமுடியும் இல்லை. எல்லோரும் புன்னகையோடு கைகளை நீட்டியிருந்தார்கள். மிகேலாவின் முன்கை வழுவழுவென்று பளபளத்தது.

“பாத்துச் சொல்லுங்க அக்கா. வெளிய லாரி நிக்குது.”

வெர்லீனின் கட்டைவிரல் இன்னும் வலிக்காமலே இருந்தது. அதை வாயில் வைத்து, பல் இறங்கும்வரை கடித்தாள். இரத்தம் உப்புக்கரித்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது. கையிலிருந்த அட்டைக் கட்டு மெல்லியது. நின்றவர்கள் நிறையப் பேர்.

“ஒருத்தரும் வெளிய போகப்போறதில்ல,” என்றாள். “வரிசையில நில்லுங்க.”

இரத்தம் சொட்டுகிற விரலால் கட்டிலிருந்து அடுத்த அட்டையைக் கிழித்தெடுத்தாள். மிகேலா கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் நீட்டினார்கள்.