முன்னிருக்கை ஈரம்

முள் ஏறவில்லை.

ஐந்தருவிக்கு மேலே விமானத்தின் மூக்கைத் தூக்கி, எஞ்சினை முழு மூச்சில் இரையவிட்டு ஏறும்போது, ஆயில் சூட்டைக் காட்டும் அந்தச் சின்ன முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். வருஷக்கணக்காக அப்படித் தொட்டுத்தான் தில்லைநாயகத்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இன்று, பசியில்லாத பிள்ளை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல, அடியிலேயே கிடந்தது. கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார். அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் சாரல் ஊசியாய்க் குத்திய முகத்தில் சிரிப்பு வரவில்லை.

இலஞ்சியில் நிலபுலன் உள்ளவர்கள் கார் வாங்கினார்கள். இவர் யுத்தத்தில் கழித்துப்போட்ட இரட்டை இறக்கை விமானத்தை ஏலத்தில் எடுத்தார். கூரை கிடையாது, முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, குழிக்கு ஓர் இருக்கை. ஓட்டுகிறவர் பின்னால். முன்னால் ஆள் ஏறினால், கத்தினாலும் கேட்காது என்பதற்காக இரண்டு குழிக்கும் நடுவே ஒரு ரப்பர் பேச்சுக்குழாய். தெரு அவருக்கு ‘ஆகாசத்தார்’ என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவ்வளவு மரியாதை.

ஆகாசத்தாருக்கு இருந்த ஒரே நோய் ஆயில் சூடு. எஞ்சினைக் கிளப்பியதும் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவார். செங்குத்தாக ஏறமாட்டார். எஞ்சினுக்கு வெளியே பக்கவாட்டில் தொங்கிய ஆயில் டாங்கின்மேல் ஈரச்சாக்குகூடச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

முதல் மனைவி இராமலட்சுமி கேட்டு அலுத்துப்போனாள்.

“என்னைய ஒருவாட்டி ஏத்துங்க. அருவியை மேல இருந்து பாக்கணும்.”

“ரெண்டு ஆள் கனத்துக்கு ஆயில் கொதிச்சிரும்ட்டி. சூடு குறையட்டும், ஏத்துதேன்.”

சிவகிரியிலிருந்து வந்த தொப்பை பெருத்த விருந்தாளி ஏறியபோது மட்டும் ஆயில் எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று தெருவில் கேட்காத வாய் இல்லை. இராமலட்சுமி கேட்கவில்லை. போன ஐப்பசியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணி போட்டபடியே காய்ந்தது. கடைசியாகக் கண் திறந்தவள், “ஆயில் சூடு குறைஞ்சுதா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

நீர்மாலைக்குப் போய், நல்லெண்ணெயும் சீயக்காயும் தேய்த்து அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவந்தது ஒரு செம்புக்குடத்தில். அந்தக் குடத்தை மறுபடி வீட்டில் புழங்கக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தில்லைநாயகம் அதைத் தட்டிப் பார்த்தார். கனத்த செம்பு. செம்பு சூட்டை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். புழங்கத்தானே கூடாது, வெட்டலாமே!

தென்காசியில் பாத்திரம் அடிக்கிற சுடலைக்கண்ணு குடத்தைக் கையில் வாங்கி உள்ளே மோந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, கழுத்துக்குள்ள சீயக்காய் ஒட்டியிருக்கு. யாரு குளிச்ச குடம்?”

“வேலையைப் பாருமய்யா.”

பார்த்தார். டாங்கைச் சுற்றிச் செம்புத் தகடுகள், முன்னால் காற்றை விழுங்க யானைத் தும்பிக்கைபோல ஒரு வாய், எல்லாம் ஆணியடித்து இறுக்கி. வெட்டி மிஞ்சும் செம்பை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். இந்தத் தடவை துண்டு துணுக்கையெல்லாம் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

முள் ஏறாத அன்று, ஓடுதளமாய் வைத்திருந்த தரிசில் இறங்கியதும் தில்லைநாயகம் டாங்கைத் தொட்டுப் பார்த்தார். சாரல் விட்டுப் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பறந்துவந்த டாங்க் கையைச் சுட வேண்டும். சில்லென்று இருந்தது. உலோகத்தின் சில்லிப்பு இல்லை; அந்தச் சில்லிப்பை அவர் ஐப்பசியில் ஒரு நெற்றியில் தொட்டிருந்தார். செம்பின்மேல் முத்து முத்தாக நீர். விரலை மூக்கருகே கொண்டுபோனார். கருகிய எஞ்சின் ஆயில் வாடை எங்கே? நல்லெண்ணெய். சீயக்காய்.

அடுத்தடுத்த நாட்களில் தரை விட்டு எழும்ப விமானம் கூடுதல் தூரம் ஓடியது. காற்று சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆள் இல்லாத முன்னிருக்கைப் பட்டையை இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார். இறங்கிப் பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கும், பட்டை மட்டும் ஒரு மெல்லிய இடுப்பு அளவுக்குத் தளர்ந்திருக்கும். மெத்தையில் ஈரம். சாரல் என்று சொல்லிக்கொண்டார். சாரல் பின்னிருக்கையை ஏன் நனைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

விமானத்தைத் தள்ளிக் கொட்டகைக்குள் விடுகிற பலவேசம்தான் வாய்விட்டுக் கேட்டார்.

“ஐயா, நீங்க இறங்கின பொறவும் கனக்குதே. உள்ள யாரும் இருக்காவளா?”

“நீ சாப்பிடலியோ என்னமோ.”

வைகாசியில் இரண்டாம் தாரமாக வந்தவள் பேராச்சி. வாசுதேவநல்லூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம் என்று தெரு சொன்னது, தெருவுக்கு வாய் குட்டை என்பதுபோல. பிறந்த வீட்டு ஓட்டுக்கூரையை வானத்திலிருந்து காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆடி வெள்ளி, மஞ்சள் பட்டுப்புடவை உடுத்தித் தரிசுக்கே வந்துவிட்டாள்.

“இன்னொரு நாள் பாப்போம்ட்டி.”

“ஏன்? ஆயில்தான் சூடாகலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதீக. பொறவு என்ன?”

 இருந்த ஒரே சாக்குப்போக்கையும் அவரே வெட்டி ஒட்டி ஒழித்துவிட்டார். பேராச்சி இறக்கைமேல் கால் வைத்து முன் குழிக்குள் இறங்கினாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

“ஏங்க, சீட்டு சொதசொதன்னு இருக்கு. யாரோ குளிச்சிட்டு ஈரச்சேலையோட உக்காந்த மாதிரி.” பட்டையில் சுற்றியிருந்த ஒன்றை உருவி எடுத்தாள். நீளமான மயிர். நரையில்லாதது. “இது யாரு தலை? நான் வாரதுக்கு முன்ன யாரை ஏத்திட்டு அலைஞ்சீக?”

“இறங்கு.”

“கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்க.”

“இறங்குட்டி!”

அவர் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. இறங்கினாள். ஒரு சுற்று தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“வாரவரைக்கும் இங்கனயேதான் நிப்பேன்.”

தும்பிக்கையின் வாயில் கோணிச்சாக்கை அடைத்தார். காற்று நின்றால் செம்பு வெறும் செம்பு. ஆயில் சூடாகியே தீர வேண்டும். சூடானால் போதும், எல்லாம் பிரமை என்று இறங்கி, பேராச்சியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் செம்பைப் பிய்த்துக் குளத்தில் எறிந்துவிடலாம். சூடாகாவிட்டால்? அதை நினைக்காமல் கிளம்பினார்.

இத்தனை வருஷம் செய்யாததையெல்லாம் செய்தார். மூக்கைச் செங்குத்தாகத் தூக்கினார். எஞ்சினைக் கதறவிட்டார். செங்கோட்டைக் கணவாயிலிருந்து வந்த மேகம் இறக்கைகளைத் தின்றுகொண்டே வந்தது. அருவியின் இரைச்சலா எஞ்சினின் இரைச்சலா என்று பிரிக்க முடியாத ஓர் இரைச்சலுக்குள், நனைந்த பஞ்சுபோன்ற வெளிச்சத்துக்குள், தன் பற்கள் அடித்துக்கொள்வது மட்டும் தனியாகக் கேட்டது.

ஏறு. ஏறு, சனியனே.

முள் அசைந்தது.

கீழே.

இன்னும் கீழே. எண்ணே இல்லாத இடத்துக்கு.

சீயக்காய் வாடை காற்றோடு வந்து முகத்தில் அப்பியது. அவருடைய கண்ணாடித் தடுப்பில் ஒரு துளி விழுந்து வழிந்தது. மழைத்துளி இப்படி மெதுவாக வழியாது. எண்ணெய். பச்சை நல்லெண்ணெய். முன் குழியிலிருந்து.

பேச்சுக்குழாய் காதில் இருந்தது. அதன் மறுமுனையை முன் குழிக் கொக்கியில் அவரே மாட்டியிருந்தார்.

குழாயில் குடத்துத் தண்ணீர் சரியும் சத்தம்.

பிறகு மூச்சு.

பிறகு, தாடையைத் துணியால் கட்டிய வாய் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி.

“சூடு… குறைஞ்சிருச்சுல்லா.”

குழாயைப் பிடுங்கி எறிந்தார். இறங்க வேண்டும். உடனே. மேகத்தைக் கிழித்துக் கீழே வந்தார். பச்சை வயல். தென்னை. தரிசு. தரிசின் நடுவே மஞ்சள் பட்டு.

இறங்கினால் பேராச்சி ஓடிவருவாள். இறக்கைமேல் கால் வைப்பாள். குழிக்குள் எட்டிப் பார்ப்பாள்.

இறங்கக் கூடாது.

சக்கரம் புல்லைத் தொட இருந்த நேரத்தில் மறுபடி தூக்கினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பெட்ரோல் அளவு காட்டும் மிதவை அடியில் தட்டியது. எஞ்சின் இருமியது.

கீழே பேராச்சி கோபமெல்லாம் மறந்து, வாய் நிறையச் சிரித்து, தலைக்குமேல் கையை ஆட்டினாள். வா, வா என்று.

முன் குழியின் விளிம்பில் நாலு விரல்கள் தெரிந்தன. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். பிறகு மஞ்சள் பூசிய முழங்கை. இறக்கைக் கம்பிகளையே அலறவைக்கிற காற்றில் கொஞ்சமும் வளையாமல், அந்தக் கை நிமிர்ந்து எழுந்து, பேராச்சிக்குப் பதிலுக்கு ஆடியது.