இருபதைத் தாண்டினால் நம்பாதே

ஜெனிட்டாவின் மணிக்கட்டில் சார்புமானி எண்பத்து மூன்று காட்டியது. இருபதுக்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பானவர் எழுதும் செய்தியை நகரத்தின் எந்தச் செய்திப்பலகையும் வெளியிடாது.

"எங்கம்மா கண்ணத் தொறக்க முடியாமக் கெடக்கா மேடம். குப்பத்துல பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆலை கேஸ் குழாய் கசியுது. நான் எழுதுனத அனுப்பிருங்க."

இதழியல் துறைத் தலைவர் உமையாள் அவளுடைய சார்புமானியைப் பார்த்தார். நாடித்துடிப்பு, வியர்வை, பிறந்த ஊர், உறவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எழுதுகிறவர் செய்திக்கு எவ்வளவு நெருக்கம் என்று அந்தக் கருவி சொல்லிவிடும். பொய்ச்செய்தியால் இரண்டு கலவரம் பார்த்த ஜனங்களுக்கு அது வந்தபிறகுதான் நிம்மதி. துறையிலும் மாணவர் சேர்க்கையை விரிவாக்கினார்கள்: மீனவக் குப்பம், மலைக்கிராமம், உப்பளம், சந்தைத் தெரு என்று இடத்துக்கு ஒரு பிள்ளை. அப்படிப் பொறுக்கியெடுத்துச் சேர்த்த கையோடு, அவரவர் ஊரைப் பற்றி அவரவர் எழுதக்கூடாது என்றும் ஆக்கினார்கள். இந்தக் கூத்துக்குப் பாடத்திட்டம் எழுதியவரே உமையாள்தான்.

முறைப்படி அவர் இன்னொரு மாணவனான நவநீதனை அனுப்பியிருந்தார். தர்மபுரிக்காரன், கல்லூரிக்கு வரும்வரை கடலைக் கண்டதில்லை. சார்பு மூன்று. விடிந்ததும் போய் ஆலை மேலாளரிடம் பேசினான், குப்பத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றான், எழுதிவிட்டான்: 'லேசான மீன் வாடை. அச்சப்படத் தேவையில்லை.' பச்சை எரிந்தது. காலையிலிருந்து பலகைகளில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"மீனு எப்படி நாறும்னு எனக்குத் தெரியாதா மேடம்?" என்றாள் ஜெனிட்டா. "அவன்கிட்ட எங்காளுக வாயே தொறக்கல. எங்கிட்டதான் சொன்னாங்க. நீங்க கைரேகை வச்சாப் போகும்லா?"

போகும். ஆசிரியரின் பொறுப்புரேகை சிவப்பையும் மீறும். ஆனால் போன வருடம் அப்படி வைத்த பேராசிரியர், செய்தி தவறாகிப் போனதில் வேலையை இழந்தார். இன்னொரு தவறு நடந்தால் துறைக்கே பூட்டு, முப்பத்திரண்டு பிள்ளைகளின் பட்டம் அம்போ. உமையாளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அவர் நடுநிலை என்று சொல்லிக்கொண்டார்.

"வேற ஒரு பச்சை ஆள் போய்ப் பாக்கட்டும்மா. ஒரு மணி நேரம் பொறு."

"ஒரு மணி நேரத்துல காத்து திரும்பிரும் மேடம். இப்ப எங்க பக்கம் அடிக்கி. அப்புறம் கடல்லருந்து டவுனுக்குள்ளதான் வரும்."

உமையாள் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. பொறுக்கச் சொன்னது சொன்னதுதான் என்றார்.

பன்னிரண்டே காலுக்கு வகுப்பறைத் திரைச்சீலை உட்புறமாக ஆடியது. முதலில் தொண்டை கரகரத்தது, பிறகு கண் எரிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். உமையாள் அனுப்புமேசைக்கு ஓடிப்போய் ஜெனிட்டாவின் செய்தியை எடுத்துக் கட்டைவிரலை அழுத்தினார்.

'நீங்கள் பாதிக்கப்பட்டவர். சார்பு எண்பத்தெட்டு. ரேகை ஏற்கப்படவில்லை.'

மாணவர் பட்டியலைத் திறந்தார். கடற்கரைப் பக்கமிருந்தவர்களின் பெயர்கள் தொடங்கி ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. நவநீதன் போனில் அழைத்தான். "தப்பா எழுதிட்டேன் மேடம், கண்ணு எரியுது. திருத்தி அனுப்பினா எடுக்க மாட்டேங்குது." காற்று போன இடமெல்லாம் சாட்சிகள் பெருகினார்கள், செய்தியாளர்கள் குறைந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பச்சை ஆள் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றது கருவி.

ஜெனிட்டா முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, தெருவில் போகிறவர்களை எச்சரிக்கப் படியிறங்கி ஓடினாள். உமையாள் தன் வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்னங்க, ஜன்னலையெல்லாம் மூடுங்க. பாப்பாவைத் தூக்கிட்டு மேற்கால கிளம்புங்க. ஆலையில வாயு கசியுது!"

"பலகையில ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கே?"

"நான் சொல்றேங்க, கிளம்புங்க!"

கணவர் இடைமறித்தார். "உன் மானி எவ்வளவு காட்டுது?"

பொய் சொல்லியிருக்கலாம். பழக்கதோஷம், உண்மையைச் சொன்னார். "எண்பத்தெட்டு."

"அதானே பாத்தேன். பதட்டப்படாத உமா. இருபதைத் தாண்டினா யார் சொன்னாலும் நம்பாதீங்கன்னு நீதானே எனக்கே சொல்லிக் குடுத்த. பச்சை வரட்டும், பாத்துக்கலாம்."

அவர் இருமினார். பின்னால் பாப்பாவும் இருமினாள்.

"இங்க வேற ஒரே மூச்சுமுட்டலா இருக்கு," என்றார். "இரு, ஜன்னலை நல்லாத் திறந்துவிட்டுட்டு வரேன்."