ரத்தத்தை அழைத்தது யார்?

மார்ச் 14, செவ்வாய். நேற்று மாலை வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் ஆய்வகக் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். சின்னத் தவறு என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை...

"ஐயோ!"

ஆய்வகத் தலைவி டாக்டரம்மாவின் அலறல்! ஓடினேன்.

"மருந்து ஊத்தின தட்டு! பாரு!"

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உதிரியாகக் கிடக்க வேண்டிய ரத்தக்குழாய்ச் செல்கள்... சிலந்தி வலையாகப் பின்னியிருந்தன!

தட்டில் விட்டிருந்தது டாக்டரம்மாவின் தங்கையின் மார்பிலிருந்து புற்றுக்கட்டியோடு வெட்டிய துண்டு ஊறிய திரவம். கட்டி கசியவிடும் புரதம் ரத்தக்குழாய்களை 'வா, வா' என்று கூப்பிடும்; கூப்பிட்டால் செல்கள் இப்படி வலை பின்னும். வந்தால் கட்டிக்குச் சாப்பாடு. அந்தப் புரதத்தின் வாயைக் கட்டும் மருந்துதான் நாளை தங்கைக்கு ஊசி!

"கதவு திறந்து கிடந்துச்சு. யாரோ தட்டுல கை வெச்சிருக்காங்க!"

டாக்டரம்மாவின் பார்வை கூட வேலை செய்பவர் மீது பாய்ந்தது. தடித்த கண்ணாடி. நாங்கள் கூப்பிடுவதும் 'கண்ணாடி' என்றுதான்.

"நேத்து திட்டினேனே... அதுக்கா?"

"தினமும்தான் திட்டறீங்க மேடம்! தூக்குல போடறதுக்கு முன்னால ரெண்டு தட்டு வெச்சுப் பாத்துடலாம். துண்டுல கட்டியும் இருந்துச்சு, ஓரத்துல நல்ல சதையும் இருந்துச்சு. தனித்தனியா ஊறின தண்ணி ஃப்ரிட்ஜ்ல மிச்சம் இருக்கு. நாம ரெண்டையும் கலந்துல்ல ஊத்தினோம்?"

இரண்டு தட்டில் புதுச் செல்களைப் பரப்பி, ஒன்றில் கட்டியின் தண்ணீர், மற்றதில் நல்ல சதையின் தண்ணீர் விட்டு, இரண்டிலும் மருந்து சேர்த்தேன். சரியாகத்தான் அளந்தேனா? மறுபடி அளந்தேன்.

சாயங்காலம்.

கட்டியின் தட்டு... அமைதி.

நல்ல சதையின் தட்டு... வலை!

"வெளியாள் யாரும் வரல மேடம்," என்றார் கண்ணாடி. "கட்டிகூடவே இருந்து நல்ல சதையும் கெட்டுப்போச்சு. இது கசியவிடறது வேற புரதம். உங்க மருந்து அதைத் தொடாது."

போன் அலறியது. தங்கை! டாக்டரம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நாளைக்கு ஊசிதானே?"

டாக்டரம்மா வலை பின்னிய தட்டைப் பார்த்தார்.

"இல்லடி. அது மட்டும் போதாது. இன்னொருத்தனும் கூட்டு. பக்கத்துல இருந்த நல்ல சதை."

போனில் தங்கையின் குரல்.

"கூடவே இருந்துக்கிட்டு, நல்லவன்னு பேரும் வாங்கிட்டானா? என் வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு!"

டாக்டரம்மா சிரித்தார். கண்ணீர் போனில் சொட்டியது.

நாளை: அந்த இரண்டாவது புரதம் எது என்று பார்க்க வேண்டும். சந்தேகத்தில் ஒரு டஜன் புரதங்கள். ஒவ்வொன்றின் வாயையும் கட்டி, எதைக் கட்டினால் வலை நிற்கிறது என்று பார்க்க வேண்டும்... ஒன்றுக்கும் ஜாமீன் கிடையாது!