ஆறாத டர்போ

காரின் எஞ்சினிலிருந்த டர்போவுக்குச் சந்தனம் வைத்தபோது சுசித்ராவின் விரல் சுட்டது.

சுள்ளென்று இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தைச் சற்றுநேரம் கழித்துத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. அந்த வண்டியை இன்னும் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யவில்லை. பேட்டரியே மாட்டவில்லை. போதாததற்கு இன்று ஆயுத பூஜை. ஓசூர் சிப்காட் முழுக்க மத்தியானத்துக்குள் பூஜையை முடித்து, ஆட்களின் கையில் பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியாகிவிட்டது. சாமி முன்னால் வைத்த ஸ்பேனரைக்கூட நாளைக் காலைவரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

வைத்த சந்தனம் அவள் கண்ணெதிரே காய்ந்து, வெடித்து, உதிர்ந்தது.

"தீர்த்தகிரிண்ணா, இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

டிங்கர் தீர்த்தகிரி குனிந்து சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேம்மா. அத மாட்டும்போதே சொன்னன். எரிஞ்சதுல இருந்து எடுத்தத புதுசுல வெக்காதன்னு. நீ எங்க கேட்ட?"

கேட்கத்தான் இல்லை. எண்பதுகளில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, ரேலிப் போட்டிக்கென்றே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் செய்த வண்டி அது. அவள் கணவன் விமல்ராஜ் எங்கெங்கோ அலைந்து ஒன்றைக் கொண்டுவந்தான். வலது சீட்டில் அவன் ஓட்ட, இடது சீட்டில் அவள் வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். பிறகு ஒருநாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவன் தளிக்குப் போகிற வழியில், தைலமரத் தோப்புக்குள் தனியாகப் பழகப் போனான். மண்பாதை வளைவில் வண்டி மரத்தில் மோதித் தீப்பிடித்தது.

அந்த வண்டியைத்தான் இந்த ஷெட்டில் திரும்பக் கட்டினாள். பழைய போட்டோக்களைப் பெரிதாக்கி அளந்து, தீர்த்தகிரியைத் தகடு தட்டவைத்து, அதே சிவப்பு, அதே கோணல் ஸ்டிக்கர். ஒரு சண்டையில் அவளே எட்டி உதைத்த இடது கதவுப் பள்ளத்தைக்கூட அதே இடத்தில் தட்டச் சொன்னாள். தீயில் மிஞ்சியது நத்தைக்கூடு மாதிரி இருக்கும் இந்த டர்போ ஒன்றுதான். அதைத் தேய்த்து, பேரிங் மாற்றி எஞ்சினில் பொருத்தினாள். எதற்கு இதெல்லாம் என்று யார் கேட்டாலும் சிரித்துவிடுவாள். அவன் பக்கத்தில் இன்னொருமுறை உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

"பூசணிக்காய மறந்துட்டன் பாரு. ஒடனே வந்துட்றன்," என்று ஸ்கூட்டரை எடுத்த தீர்த்தகிரி, வாசலில் திரும்பினார். "ஒண்ணு சொல்றன் கோச்சுக்காத. அந்த பெல்ட்டு பக்கிள மட்டும் மாத்திடு. அன்னிக்கி அது தெறக்கல. பெல்ட்ட அறுத்து அவன வெளிய எடுத்தவன் நானு. அதே மாடலத் தேடி வாங்கி மாட்டி வெச்சிருக்கற."

"எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்ணா."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பொரியைக் கொட்டுகிற மாதிரிச் சத்தம். எப்போதும் பக்கத்துக் கம்பெனி பிரஸ் அடிக்கிற அதிர்வில் ஷெட் சுவரே லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். இன்று அந்த நடுக்கம் இல்லாமல், அடைத்த ஷட்டர்களும் வாசலில் சரிந்த வாழைக்கன்றுகளுமாகத் தெரு கிடந்தது. பூஜைச் சாம்பிராணி வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம் கிளம்பி வந்தது. பச்சைத் தைல இலை தீயில் கருகும் வாசம். காய்ச்சல் விட்ட அன்று, அவனுடைய சட்டைத் துண்டைப் போலீஸார் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்களே, அன்று வந்த வாசம்.

டிக்.

பானெட்டுக்குள்ளிருந்து. சூடான இரும்பு தரும் சத்தம், அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓடிவந்த டர்போ வண்டியை உடனே அணைக்க மாட்டான் விமல். கொஞ்சநேரம் உறுமவிட்டு, ஆறட்டும் பாவம் என்று டாஷ்போர்டைத் தட்டிக்கொடுப்பான். அணைத்த பிறகும் டிக், டிக் என்று கேட்கும். ஆறுகிற வண்டியில் அந்தச் சத்தம் போகப்போக இடைவெளி விட்டுவிட்டுக் கேட்கும்.

இது நெருங்கிக்கொண்டே வந்தது.

ஓடியிருக்க வேண்டும். பயந்துதான் போனாள். ஆனால் பயத்துக்குள்ளிருந்து ஒரு கேவலமான ஆசை தலைதூக்கியது. வீட்டில் 'ஏங்க' என்பாள். வண்டியில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"விமல்?"

டிக் சத்தம் நின்றது. நின்றதுதான் அவளை உடைத்தது. அழுதுகொண்டே இடது கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

உள்ளே வியர்க்கிற சூடு. வலது சீட்டைப் பார்த்தாள். காலையில் அவள் தளரப் போட்டு வைத்திருந்த பெல்ட் பட்டைகள் சீட்டோடு படியவில்லை. சற்றே மேலெழும்பி, வளைந்து, நடுவில் பக்கிள் மாட்டி நின்றன. உள்ளே ஒன்றுமில்லை. பட்டைகள் மட்டும் மெல்ல எழும்பின. மெல்லத் தாழ்ந்தன. எழும்பின.

மூச்சு.

ரேலியில் ஓட்டுகிறவனால் தோள் பட்டையைத் தானே முழுதாக இறுக்கிக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் இறுக்க வேண்டும். இரண்டு இழுப்பு இழுத்துத் தோளில் ஒரு தட்டு தட்டுவாள், அவளுடைய ஊரான தளியின் கன்னடத்தில் "ஹோகோணா?" என்று கேட்பான் அவன், போலாமா என்று. அன்றைக்கு இறுக்க ஆளில்லை. அந்த ஒன்றை நினைத்துத்தான் இத்தனை வருடம் அவள் தூங்காமல் கிடந்தாள்.

கை தானாக நீண்டது. பட்டையைப் பிடித்தாள். ஒரு இழுப்பு. இன்னொன்று. தோள் இருக்கவேண்டிய இடத்தில் தட்டினாள்.

உள்ளங்கைக்கு அடியில் தோள் இருந்தது.

கருகிச் சொரசொரத்த தோள். உரிந்து அவள் கையோடு வந்தது கொஞ்சம்.

கத்த வாய் திறந்தாள். அவள் மாட்டாத அவளுடைய பெல்ட், பின்னாலிருந்து தோள்மேல் ஊர்ந்து இறங்கியது. மடியில் பக்கிள் விழுந்த சத்தம். ஒரு இழுப்பு. விலா நொறுங்கும்படி இன்னொன்று. பிறகு, அவள் தோளில் ஒரு தட்டு. மிருதுவாக. அவனேதான். அந்தத் தட்டு அவனுடையதுதான். அதில் கோபமே இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பக்கிளைத் திருகினாள். திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். நகம் பெயர்ந்தது. அதே மாடல். அவளே தேடி வாங்கியது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. நனைந்த தலையோடு தீர்த்தகிரி பூசணிக்காயைக் கொண்டுவந்தார். மேலே கற்பூரம் ஏற்றினார். "எங்கம்மா போன?" என்று தேடியவர், வண்டிக்கு முன்னால் வந்து திருஷ்டி சுற்றக் கையைத் தூக்கினார். அவள் கண்ணாடியை அறைந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வலது சீட்டைப் பார்த்தார்.

பூசணிக்காய் கையிலிருந்து நழுவி உடைந்தது. உள்ளே அப்பியிருந்த குங்குமம் தரையில் சிதறியது.

அவள் காதுக்குப் பக்கத்தில் புகை மணத்தது.

"ஹோகோணா?"

எஞ்சின் சத்தமே இல்லாமல், முன்சக்கரத்துக்கு அடியில் முதல் எலுமிச்சம்பழம் நசுங்கியது.